நாற்பத்திரண்டு கிலோமீட்டர் வேகம்

லாரி டீலர்ஷிப்பில் எல்லோரும் அவரைக் 'கிளட்ச்' என்றுதான் கூப்பிடுவார்கள். கிளட்ச் மிதி இல்லாத ஆட்டோமேட்டிக் லாரிகள் வந்த பிறகும், பழக்கதோஷத்தில் அவருடைய இடது கால் காற்றை மிதித்துக்கொண்டிருந்தது. மெக்கானிக்குகளுக்கான தேர்வில் ஏற்கெனவே இரண்டு முறை ஊற்றிக்கொண்டாயிற்று. இன்றும் கோட்டை விட்டால் இனி லாரி கழுவும் வேலைதான்.

பயிற்சி அறையின் நடுவே, இரும்பு ஸ்டாண்டில் கியர்பாக்ஸ் மட்டும் தனியாக நின்றது. எஞ்சின் இல்லை, சக்கரம் இல்லை. லேப்டாப்பை இணைத்துக் கோளாறைக் கண்டுபிடித்து எழுத வேண்டும்.

திரையைப் பார்த்த கிளட்ச், பயிற்சியாளரைக் கூப்பிட்டார்.

"சார், நாப்பத்திரண்டு கிலோமீட்டர் வேகத்துல போகுதுன்னு காட்டுது."

"எதுண்ணே போகுது, ஸ்டாண்டா?" என்று சிரித்தபடி வந்தார் பயிற்சியாளர். "ஸ்பீடு சென்சாரையே கழட்டி என் பாக்கெட்ல வச்சிருக்கேன். அதான் இன்னிக்குக் கோளாறே."

குனிந்து திரையைப் பார்த்தவர் சிரிப்பை நிறுத்தினார். பாக்கெட்டைத் தடவிப் பார்த்தார். சென்சார் அங்கேதான் இருந்தது.

திரையில் வேகம் முப்பதானது, பன்னிரண்டானது, பூஜ்யத்தில் நின்றது. கியர் நியூட்ரலுக்கு வந்தது. 'ஓட்டுநர் கதவு திறந்துள்ளது' என்று ஒரு வரி எரிந்தது.

"கதவு எங்க சார் இருக்கு?"

"தெரியலண்ணே."

"இப்ப நான் என்னத்தை எழுத?"

"பார்த்ததை எழுதுங்க."

எழுதினார். பயிற்சியாளர் படித்துக்கூடப் பார்க்காமல் 'தேர்ச்சி' என்று கையெழுத்திட்டார்.

'ஓட்டுநர் கதவு மூடப்பட்டது' என்றது திரை.

ஏனென்று தெரியாமலே இருவரும் ஆளுக்கு ஓரடி விலகி, நடுவில் ஓர் ஆள் போக வழிவிட்டார்கள்.