அஸருக்குள் நானூறு பெட்டி

“ஒருத்தராவது வந்தாங்களா பாரு! செல்போன்ல தட்டிவிட்டா எவன் வருவான்னு நான் அப்பவே சொன்னேன்!”

ஏழைகளுக்குத் தானம் பகிரும் ஜக்காத் கமிட்டியின் தலைவர் அபூ முஹன்னத் குறுக்கும் நெடுக்கும் நடந்தார். இர்பித் நகரப் பள்ளிவாசலின் கீழ்த்தளத்தில் அரிசி, மாவு, சீனி, எண்ணெய் எல்லாம் மலையாகக் கிடந்தன. விடிந்தால் நோன்பு. பிற்பகல் தொழுகைக்கான அஸர் பாங்குக்குள் நானூறு பெட்டி கட்டி, நானூறு வீட்டுக்கு அனுப்பியாக வேண்டும்.

“வருவாங்கண்ணே. நேத்தே ரெண்டு பக்கமும் செய்தி போட்டாச்சு. தொண்டர்களுக்கு, ‘காலைல ஒன்பது மணிக்கு வாங்க, நீங்க இல்லாம நடக்காது’ன்னு. பெட்டி வாங்குறவங்களுக்கு, ‘வீட்டுலயே இருங்க, பெட்டி வாசலுக்கு வரும்’னு. வாசல்ல வச்சுட்டு, கதவைத் தட்டிட்டு, முகம் பார்க்காமத் திரும்பிடணும்ங்கறதுதானே உங்க சட்டம்?” என்றாள் அர்வா.

“சட்டமெல்லாம் சரி. ஆள் எங்கே? இருபது வருஷமா ஒவ்வொருத்தரையும் நானே போன் பண்ணிக் கூப்பிட்டேன். இன்னிக்கு இது சொதப்புச்சுன்னா பழையபடி நானே பார்த்துக்குறேன். நீ வீட்டுக்குக் கிளம்பலாம்.”

அர்வாவுக்கு இது இரண்டு வருடம் அலைந்து கிடைத்த வேலை. சேர்ந்து மூன்று வாரம்கூட ஆகவில்லை.

அப்போதுதான் கதவு திறந்தது. முதலில் மூன்று பெண்கள், கையில் சொந்தக் கத்தரிக்கோலோடு. அவர்கள் பின்னால் பத்துப் பேர். அப்புறம் ஒரு தள்ளுவண்டி. அரை மணி நேரத்தில் நிற்க இடமில்லை.

“யாரும்மா இவங்க? நம்ம பழைய ஆளுங்க ஒருத்தரையும் காணோமே?”

“புதுசா சேர்ந்திருப்பாங்கண்ணே!” அர்வாவுக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

உம்மு லைத் என்ற பருத்த பெண்மணி வந்ததும் வராததுமாக அதிகாரத்தைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

“எண்ணெயை மேல வச்சது யாரு? நாலாவது மாடி ஏறுறதுக்குள்ள மூடி கழண்டு சீனியெல்லாம் பாழாகும். அடியில வை! பேரீச்சம்பழம் மேல இருக்கட்டும், பிள்ளைங்க அதைத்தான் முதல்ல தேடும்.”

“அனுபவம்னா இது!” என்று அபூ முஹன்னத் வாய்விட்டுப் பாராட்டினார்.

“அப்புறம் என்ன வேடிக்கை, தலைவரே? சட்டைக் கையை மடிச்சு விட்டுட்டு டேப் ஒட்டுங்க!”

கூட்டம் கொல்லென்று சிரித்தது. அவரும் சிரித்துக்கொண்டே தரையில் சம்மணம் போட்டார். தள்ளுவண்டிக்காரர், “கிழக்குத் தெருவா? எங்கிட்டக் குடுங்க. அங்க ஒவ்வொரு கதவும் எனக்குத் தெரியும்,” என்று அள்ளிக்கொண்டு போனார்.

பாங்கு சொல்லும்போது கடைசிப் பெட்டியும் வாசலைத் தாண்டியிருந்தது.

“அர்வா, இனிமே ஆள் கூப்பிடுறது உன் வேலை. யாரும் தலையிடக் கூடாது, நான் உட்பட!” என்றார் அபூ முஹன்னத்.

உம்மு லைத் அர்வாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். கண் கலங்கியிருந்தது.

“நீங்க இல்லாம நடக்காதுன்னு இத்தனை வருஷத்துல எங்களை யாரும் கூப்பிட்டதில்லம்மா. அடுத்த வருஷமும் மறக்காமச் செய்தி போடு.”

அர்வா பதில் சொல்வதற்குள் போன் அடித்தது. இருபது வருடமாகத் தொண்டு செய்யும் ஹாஜி ஷவ்கத்.

“மகளே, நீ செய்தி போட்டபடி காலையில இருந்து வீட்டை விட்டு அசையலை. நம்ம தொண்டருங்க அத்தனை பேரும் வாசலையே பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்கோம். ஆமா, எங்களுக்கு எதுக்கும்மா பெட்டி?”