வள்ளத்தின் நீலம்

"அப்பா இப்ப எந்தத் தெருவுலம்மா இருக்காரு?"

மகள் என்றோ கேட்டது. கடலில் போனவனுக்கு ஏது தெரு?

அந்தத் தெருவைத் தேடித்தான் குளச்சலிலிருந்து தூத்துக்குடிக்கு வந்திருக்கிறாள். கணவனின் வள்ளம் கவிழ்ந்த வாரத்தில் இந்தக் கரையில் ஓர் உடல் ஒதுங்கியதாம். யாரோ ஒரு தாய், கடலில் காணாமல் போன தன் மகன் என்று வாங்கி அடக்கம் செய்தாளாம். மீன் ஏலத்தில் பேச்சோடு பேச்சாகக் காதில் விழுந்தது.

பையில் சின்ன டப்பா. வள்ளத்துக்கு அவன் அடித்ததில் மிஞ்சிய நீலப் பெயிண்ட். ஒரு பிரஷ்.

அவன்தான் என்றால், சிலுவையில் பெயர் எழுத வேண்டும்.

கஸ்பார்.

ஆட்டோக்காரர் அவளை ஊர் பார்க்க வந்தவள் என்று நினைத்துவிட்டார். கேட்காமலே காட்டிக்கொண்டு வந்தார். பனிமய மாதா கோயில். டச்சுக்காரன் கட்டிய பழைய கோயில். வெயிலில் கண்ணைப் பறிக்கும் உப்புக் குவியல்கள். முத்துக் குளிக்கப் போனவர்களில் பாதிப் பேர் மேலே வந்ததில்லை என்று சிரித்துக்கொண்டே சொன்னார்.

அவள் சிரிக்கவில்லை. ஒவ்வொரு தெருவின் பெயரையும் கேட்டு மனதில் முடிந்துகொண்டாள்.

கல்லறைத் தோட்டம்.

கடைசி வரிசையில் ஒரு மேடு. புல் முளைக்கவிடாத மேடு. சுற்றிலும் சங்கு பதித்திருந்தது. மரச்சிலுவையில் தொபியாஸ் என்ற பெயர், மழையில் பாதி கரைந்து.

வயதான ஒருத்தி தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள். கித்தேரி. அந்தத் தாய்.

ஆள் கிடைத்த ஆறுதலில் சொல்லத் தொடங்கினாள். முகத்தை மீன் தின்றிருந்தது. நாற்றத்துக்குப் பயந்து ஒருவரும் கிட்டே போகவில்லை. தானே குளிப்பாட்டினாள். மகன் கல்யாணத்துக்கு எடுத்துவைத்த பட்டு வேட்டியை உடுத்தி அனுப்பினாள். அடையாளம், சட்டைப் பொத்தான். அறுந்த பொத்தானை வலை நூலால்தான் மகனுக்குத் தைத்துக் கொடுப்பாள்.

குளச்சலிலும் அப்படித்தான் தைப்பார்கள். எல்லா வீட்டிலும்.

கித்தேரி முந்தானை முடிச்சை அவிழ்த்து உள்ளங்கையை நீட்டினாள்.

ரோஜா நிறத்தில் ஒரு பூப் பொத்தான். மகளின் பழைய கவுனிலிருந்து வெட்டி, கஸ்பாரின் சட்டைக்கு இவள்தான் தைத்தாள்.

கித்தேரி பார்த்தது நூலை மட்டும்.

வந்தவள் மேட்டருகே மண்ணில் உட்கார்ந்தாள்.

"இவனும் கெடைக்கலேன்னா நான் பைத்தியமாத் திரிஞ்சிருப்பேன் தாயீ. நீ யாரைப் பாக்க வந்தே?"

பைக்குள் விரல்கள் டப்பாவை இறுக்கின.

"சும்மா ஊரு பாக்க வந்தேம்மா."

கித்தேரி குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு போனாள். தூரத்தில் ஆட்டோக்காரர் முதுகைக் காட்டி நின்று பீடி பற்றவைத்தார்.

அவள் மேட்டின் மேல் கையை வைத்தாள். ஜெபம் சொன்னாள். இரண்டு பேருக்கும்.

பிறகு டப்பாவைத் திறந்தாள்.

கரைந்துபோன எழுத்துகளின் மேலேயே, தடம் மாறாமல், நீலத்தை இழுத்தாள்.

தொ.

பி.

யா.

ஸ்ஸின் கடைசிப் புள்ளியையும் வைத்துவிட்டு டப்பாவை மூடினாள்.