சிவப்புக் கோடு

அகிலன் வீட்டோடு பேச்சை நிறுத்தி எட்டு மாதம். அவன் விட்டுப்போன, டிவியோடு இணைத்த கேம் பெட்டியில்தான் பெற்றவர்கள் படம் பார்ப்பார்கள். அதிலுள்ள பட ஆப்பில் அவன் பெயரைத் திறந்தால், எங்கிருந்தோ அவன் பாதி பார்த்த படத்தின் அடியில், எதுவரை பார்த்தான் என்று காட்டும் ஒரு சிவப்புக் கோடு தெரியும். கோடு தினமும் கொஞ்சம் நீண்டிருந்தால் பிள்ளை நன்றாக இருக்கிறான் என்பது அம்மா செண்பகத்தின் கணக்கு.

இன்று மாவு மில்லில் கரண்ட் இல்லை. போன வேகத்தில் திரும்பினாள். உள்ளே அவள் கணவர் நாறும்பூ, சத்தத்தை முழுக்கக் குறைத்துவிட்டு, மகன் பெயரில் படத்தை ஓட்டிக்கொண்டிருந்தார். கண் திரையில் இல்லை. சுவர்க் கடிகாரத்தில் இருந்தது.

அவள் ஓசைப்படாமல் வாசலுக்குப் போய், செருப்பைப் பலமாக உதறிவிட்டு வந்தாள்.

"ஏங்க, புள்ள இன்னிக்கு எவ்வளவு பாத்திருக்கான்?"

"இருவது நிமிசம்."

"சாப்பிட்டுட்டுத்தான் பாத்திருப்பான்" என்று கோதுமை வாளியை இறக்கிவைத்தாள்.