எட்டாவது டாக்டர்

“இன்னும் ஒரு வாரம் தள்ளிப் போடலாமேம்மா. என்ன அவசரம்?”

காலையிலிருந்து அவர் மூன்றாவது முறையாகக் கேட்டுவிட்டார். புதிதாக வேலைக்கு வந்திருந்த இன்ஜினியர் பெண் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. இரண்டு மாதமாக ஒத்திகை பார்த்தாயிற்று, எல்லாவற்றுக்கும் நகல் எடுத்து வைத்தாயிற்று, இனித் தள்ளிப் போட ஒன்றுமில்லை என்று தன்மையாகவே சொன்னாள்.

அந்த மருத்துவமனையில் டாக்டர்கள் ஏழு பேர். மாடியில் கணினி அறையைப் பார்த்துக்கொள்ளும் அவரை எல்லோரும் எட்டாவது டாக்டர் என்பார்கள். பரிசோதனை முடிவுகளை லேபிலிருந்து டாக்டர்களின் அறைக்கு அனுப்பும் புரோகிராம் பத்து நாளைக்கு ஒரு தடவையாவது மூச்சை விட்டுவிடும். கீழேயிருந்து போன் வரும். அவர் பாதிச் சாப்பாட்டில் எழுந்து ஓடி வந்து, ஐந்து நிமிடத்தில் அதற்கு உயிர் கொடுப்பார். நடுவில் ஒரு வருடம் தவிர, ஒன்பது வருடமாக இதுதான் கதை. பெரும்பாலும் கூட்டம் கலைந்த சாப்பாட்டு வேளையில்தான் அது விழும். சாகிறதுக்குக்கூட நேரம் காலம் பார்க்கிற மிஷின் என்று நர்ஸுகள் கேலி செய்வார்கள்.

இன்றைக்கு அந்தக் கணினியின் அடிமடியிலேயே கை வைக்கப் போகிறார்கள்.

கணினிக்கு உயிர் வந்ததும் முதலில் கண் விழிப்பது ஒரே ஒரு புரோகிராம். மற்ற எல்லாவற்றையும் எழுப்பி வேலைக்கு அனுப்புவது அதன் பொறுப்பு. பழையது எழுப்பிவிடுவதோடு சரி. அப்புறம் எது செத்தாலும் மறுபடி எழுப்பாது. புதியது அப்படியில்லை. மேஸ்திரி மாதிரி பக்கத்திலேயே நின்று, விழுந்ததை விழுந்த நொடியிலேயே தூக்கி நிறுத்தும். பழையதை எடுத்துவிட்டுப் புதியதை வைக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை. ஆனால் முதலில் விழிக்க வேண்டியதே விழிக்காவிட்டால் கணினி வெறும் இரும்புப் பெட்டி.

காலையில் அவருக்கு ஒரு வாய்கூட இறங்கவில்லை. மனைவி அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, “புதுசு சரியா வரலைன்னா பழியை உங்க தலையில கட்டிடுவாங்களா?” என்று கேட்டாள். அவர் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

பதினொரு மணிக்கு நிர்வாகி வந்து அவர்களுக்குப் பின்னால் நின்றார். லேபில் இருந்தவர்களிடம் அரைமணி நேரம் முடிவுகளைக் கையால் எழுதித் தரச் சொல்லியிருந்தார்கள். அந்தப் பெண் ஒரு தடவை எட்டாவது டாக்டரைத் திரும்பிப் பார்த்துவிட்டு விசையைத் தட்டினாள்.

திரை இருண்டது.

அவர் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார். பெட்டிக்குள் விசிறி சுற்றும் சத்தம் நின்று, மறுபடி தொடங்கியது. திரையில் ஒன்றுமில்லை. நிர்வாகி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அந்தப் பெண் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

ஒரு வெள்ளை வரி எட்டிப் பார்த்தது. அடுத்து இன்னொன்று. பிறகு மளமளவென்று வரிகள் ஓட, எல்லாம் பச்சையாயிற்று. கீழே லேபிலிருந்து முதல் முடிவு போய்ச் சேர்ந்ததாகப் போன் வந்தது.

நிர்வாகி பெருமூச்சு விட்டார். அவர் மட்டும் இன்னும் நாற்காலியை விடவில்லை. இப்போது ஓடுவது பெரிதில்லை, சாப்பாட்டு வேளை தாண்டட்டும், அப்புறம் சொல்லுங்கள் என்றார். சரி, இருந்து பார்த்துவிடுவோம் என்று நிர்வாகியும் உட்கார்ந்தார். எட்டாவது டாக்டர் தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்த தன் மேசைக்குப் போய்க் கணினி முன்னால் உட்கார்ந்தார்.

ஒன்று பத்துக்கு அந்தப் பெண்ணின் குரல் கேட்டது. “சார், விழுந்துடுச்சு.”

அவர் எழுந்து வருவதற்குள், “எழுந்துடுச்சு சார்,” என்றாள்.

ஒன்று இருபதுக்கு மறுபடி விழுந்தது. போன் வரவில்லை, கீழே யாருக்கும் தெரியவே இல்லை. ஒன்றரைக்கு மூன்றாவது தடவை விழுந்து, கண் மூடித் திறப்பதற்குள் எழுந்து நின்றது. அவருடைய சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

நிர்வாகிக்கு வாயெல்லாம் பல். அவர் தோளில் தட்டி, “இனிமே நீங்க நிம்மதியா உட்கார்ந்து சாப்பிடலாம் டாக்டர்,” என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

கதவு சாத்தியதும் அந்தப் பெண் அவரைப் பக்கத்தில் கூப்பிட்டு உட்காரச் சொன்னாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

“பழசு, விழுந்ததை மட்டும்தான் எழுதி வைக்கும் சார். இது, யார் தள்ளிவிட்டாங்கன்னும் எழுதுது.”

திரையில் அவள் காட்டிய இடத்தில், மூன்று தடவையும் இருந்தது அவருடைய பெயர்.

“நடுவுல ஒரு வருஷம் அது விழவே இல்லம்மா,” என்றார் அவர். “அந்த வருஷம்தான், இந்த ரூமுக்கு எதுக்கு ஒரு ஆளுன்னு கேட்டாங்க.”