ஆணியின் ஆக்சிஜன் ப்ராஜெக்ட்

டூல்பாக்ஸ் பள்ளிக்கூடத்தில் காந்தம்தான் டீச்சர். "வாங்க" என்று கூப்பிடவே வேண்டாம். அவர் முகத்தைக் காட்டினாலே ஆணிகளெல்லாம் ஓடிப்போய் ஒட்டிக்கொள்ளும்.

ஒருநாள் அவர், "எல்லாரும் ஆக்சிஜனைப் பத்தி ஆராய்ச்சி பண்ணி, பத்து நாள்ல ப்ராஜெக்ட் கொண்டு வரணும்" என்றார்.

இரண்டு அங்குல ஆணி ஒன்று அதை நிஜமாகவே நம்பிவிட்டது. நேரே குழாயடிக்குப் போய் ஈர மண்ணில் படுத்துக்கொண்டது. முதல் நாள் உடம்பு லேசாக அரித்தது. மூன்றாம் நாள் தோளில் செம்பழுப்பாக ஒரு பொட்டு. "ஓகோ, இதெல்லாம் உன் வேலைதானா?" என்று ஆக்சிஜனையே கேட்டது. பத்தாம் நாள் தலையிலிருந்து நுனி வரை ஆராய்ச்சி முடிந்துவிட்டது.

பெயின்ட் கலக்க வந்த இடத்தில் அப்படியே தங்கிவிட்ட எவர்சில்வர் கரண்டியும் அதே வகுப்புதான். அதற்கும் ஆக்சிஜனுக்கும் பேச்சுவார்த்தையே கிடையாது. ஆனாலும் கடையில் ரெடிமேட் சார்ட் வாங்கி, ஓரமெல்லாம் ஜிகினா ஒட்டி, பிளாஸ்டிக் கவர் போட்டுக் கொண்டுவந்திருந்தது.

"வெரி குட்!" என்று ஐம்பதுக்கு ஐம்பது போட்ட டீச்சர், ஆணியின் பக்கம் திரும்பினார்.

"உன் ப்ராஜெக்ட் எங்கேடா?"

"நான்தான் டீச்சர்!" ஆணி பெருமையாக உடம்பை ஓர் உலுக்கு உலுக்கியது. மேஜையெல்லாம் சிவப்புத் தூள்.

"சீ, அசிங்கம்! போய் நல்லா தண்ணில ஊறிக் குளிச்சிட்டு வா!"

ஆணிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. டீச்சருக்கு இவ்வளவு பிடித்துப்போயிற்றா, இரண்டாம் பாகமும் கேட்கிறாரே என்று, தண்ணீர்த் தொட்டியைப் பார்த்து ஒரே ஓட்டமாக ஓடியது.