மேற்குக் கண்ணாடி ஓரத்து ஸ்வெட்டர்

காலையிலேயே எல்லோருடைய ஸ்வெட்டரையும் பிடுங்கி அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார் மேனேஜர்.

பசுமைக் கட்டடச் சான்றிதழுக்காக இன்று அளக்க வருகிறார்கள். உள்ளே வேலை செய்கிறவர்கள் வேகாமலும் விறைக்காமலும் சௌகரியமாக இருக்கிறார்கள் என்று ஆவணத்தோடு காட்ட வேண்டும். நூற்றுக்கு எண்பது பேர் ஆமாம் என்றால் போதும்.

ஸ்வெட்டர் போட்டவனைப் பார்த்து யாராவது சௌகரியம் என்பார்களா? ஆகவே ஸ்வெட்டர் ஒழிந்தது. ஏசியைக் குறைத்தாலும் தீர்ந்திருக்கும்தான். ஆனால் அவர் கோட்டு போடுகிறவர்.

தளம் முழுக்கப் பல் கிட்டியது. கேள்வித்தாளில் எல்லோரும் நடுங்கும் விரலால் 'இதமாக இருக்கிறது' என்று குறியிட்டார்கள். வெள்ளிக்கிழமை வேலை ஒப்பந்தங்களைப் புதுப்பிக்கிறார்கள். பேனா மேனேஜர் கையில். அந்த வாரத்தில் யாருக்குக் குளிரும்?

ஒருத்திக்கு மட்டும் குளிர்ந்தது.

அதுவும் மேற்குக் கண்ணாடி ஓரத்து இருக்கையில். மதியத்துக்கு மேல் வெயில் நேராக மடியில் வந்து உட்காரும் இடம் அது. ஏசிக் காற்று அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காது. அந்த வேக்காட்டில், காலையில் கழற்றிக் கொடுக்க மறுத்த, தொளதொளவென்று தொடை வரை தொங்கும் கறுப்பு ஸ்வெட்டருக்குள் அவள் உட்கார்ந்திருந்தாள்.

அவளுக்கு முன்னால் அந்த இருக்கையில் இருந்தவளைப் போன வருடம் 'நல்லா ரெஸ்ட் எடும்மா' என்று பூங்கொத்து கொடுத்து அனுப்பிவைத்தார்கள். அவள் ரெஸ்ட் கேட்கவே இல்லை என்பது வேறு விஷயம்.

"ஏம்மா, இங்க என்ன பனியா கொட்டுது? கழட்டும்மா, போட்டோ எடுக்கணும். இல்லேன்னா வெள்ளிக்கிழமை என் ரூம் வாசல்ல வந்து நிக்காத."

"குளிருது சார்."

சொல்லும்போதே அவள் நெற்றியிலிருந்து ஒரு துளி கீபோர்டில் விழுந்தது.

அதற்குள் அளக்க வந்த அம்மாள் கருவியையும் ஸ்டாண்டையும் தூக்கிக்கொண்டு அங்கே வந்துவிட்டார். ஐம்பதைத் தாண்டியவர். சிரிப்பதற்கே விதி எண் கேட்பவர் என்று பெயர். இரண்டு பிள்ளைகளையும் விதிமுறைப்படிதான் பெற்றார் என்று கூட வேலை பார்ப்பவர்கள் முதுகுக்குப் பின்னால் சொல்வார்கள். அவர் தொழிலில் உடுப்புக்கும் கணக்கு உண்டு. சட்டைக்கு இவ்வளவு, காலுறைக்கு இவ்வளவு என்று ஒவ்வொரு துணிக்கும் மதிப்பெண். துணி சுற்றிய வெப்பம், அதற்குப் பெயர் மனிதன்.

கருவியைக் கணுக்கால் உயரத்தில் வைத்து அளந்தார். தலை உயரத்தில் வைத்து அளந்தார். இடுப்பு உயரத்துக்கு இறக்கிவிட்டுக் குனிந்து பார்த்தவர், கொஞ்ச நேரம் குனிந்தபடியே இருந்தார்.

நிமிர்ந்தபோது முகம் கருவியைப் போலவே இருந்தது.

"இவங்க ஸ்வெட்டரக் கழட்டக் கூடாது சார். இது ஒப்பீட்டு இருக்கை. இதே ஆளு, இதே உடுப்பு, இதே எடம். ஒண்ணையும் மாத்தாம திரும்பத் திரும்ப வந்து அளப்பேன். ஆள மாத்தினீங்கன்னா மொத்தக் கணக்கும் போச்சு. சான்றிதழும் போச்சு."

அப்படி ஒரு விதி எந்தப் புத்தகத்திலும் கிடையாது. இத்தனை வருடத் தொழிலில் அவர் இல்லாத விதியைச் சொன்னது இதுதான் முதல் தடவை.

ஆனால் புரியாத சொல்லைக் கேட்டால் எழுந்து நின்று மரியாதை செய்கிறவர் மேனேஜர். 'ஒப்பீட்டு இருக்கை' என்று இரண்டு முறை வாய்க்குள் சொல்லிப் பார்த்தார். தங்கள் கட்டடத்தில் அப்படி ஒன்று இருப்பது அவருக்குப் பெருமையாகக்கூட இருந்தது. பின்னால் ஒரு பலகை மாட்டலாமா என்று யோசிக்கிற முகம்.

"தாராளமா மேடம். எதுவரைக்கும் இப்படியே வச்சிருக்கணும்?"

அம்மாள் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி அவளைப் பார்த்தார்.

மேசைக்கு அடியில், ஸ்வெட்டரோடு சேர்த்து வயிற்றை அணைத்திருந்த கையில், நான்கு விரல்கள் மெல்ல விரிந்தன.

"இன்னும் நாலு மாசம்" என்றார் அம்மாள்.