கணக்குப் பிரிவு அக்காவின் அழைப்பு

அலுவலகத்தின் ஸ்பேம் ஃபில்டருக்கு ஒரு வாரமாகப் புத்தி பேதலித்திருந்தது. பரிசு விழுந்திருக்கிறது என்று வரும் மோசடி மெயில்களைக் கும்பிட்டு உள்ளே விட்டது. வாடிக்கையாளர்கள் எழுதியதையும் மேனேஜர் எழுதியதையும் பிடித்து அடைத்து வைத்தது.

கம்ப்யூட்டர்காரன் காலையிலிருந்து அவற்றை ஒவ்வொன்றாக விடுவித்துக்கொண்டிருந்தான்.

கணக்குப் பிரிவு அக்கா கதவருகே வந்து நின்றாள். வெள்ளிக்கிழமையோடு ஓய்வு பெற்றவள். அடையாள அட்டையைத் திருப்பிக் கொடுக்க வந்த இடத்தில் ஃபில்டர் கதை காதில் விழுந்திருக்கிறது. முகம் அப்படி மலர்ந்திருந்தது.

வாயில்லாப் பூச்சி. யார் லீவு போட்டாலும் அவர்கள் வேலையையும் இழுத்துப் போட்டுக்கொண்டு செய்தவள்.

போன வாரம் அலுவலகத்தில் எல்லாருக்கும் மெயில் அனுப்பியிருந்தாள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் மொட்டை மாடியில் டீ, கட்டாயம் வரவேண்டும் என்று.

பெரிய பிளாஸ்க் நிறைய டீயோடு இருட்டும்வரை உட்கார்ந்திருந்தாள். ஒரு ஈ காக்கா எட்டிப் பார்க்கவில்லை. டீயைக் கீழே கொட்டிவிட்டு, பிளாஸ்க்கைக் கழுவித் துடைத்து எடுத்துக்கொண்டு போனாள்.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் வீட்டில் தனியாக உட்கார்ந்து, யாருக்கு என்ன குறை வைத்தோம் என்று யோசித்து யோசித்து மனசே ஆறவில்லையாம். தன்னுடைய மெயிலும் ஃபில்டரில் மாட்டியிருக்கிறதா என்று பார்க்கச் சொன்னாள்.

அவன் பார்த்தான். பிடிபட்டவற்றில் அது இல்லை.

போய்ச் சேர்ந்தவற்றில் தேடினான். ஒருவர் விடாமல் எல்லாருக்கும் போயிருந்தது. எல்லாருமே திறந்து படித்திருந்தார்கள்.

அவனுக்கு என்னவோ போலிருந்தது. திரையைக் கொஞ்சம் தன் பக்கம் திருப்பிக்கொண்டான்.

"ஆமாக்கா. இதுலதான் மாட்டிக்கிட்டிருக்கு."

அக்கா அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். அவர்களைப் போய்த் தப்பாக நினைத்துவிட்டேனே என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அந்த மெயிலை இனிமேல் யாருக்கும் அனுப்பிவிடாதே, பார்த்தால் பாவம், சங்கடப்படுவார்கள் என்றாள்.

எழுந்து வாசல்வரை போனவள் திரும்பினாள்.

"உனக்கும் வந்திருக்காதுல்ல தம்பி?"

வரவில்லை என்று தலையாட்டினான்.

அதை முதலில் திறந்து படித்தவர் என்று திரையில் இருந்தது அவன் பெயர்தான்.